மனசாட்சிக்கு ஒரு பாராட்டு விழா

மக்கள் பிரதிநிதி என்பவர் மக்கள் சொன்னதைச் செய்ய வேண்டுமா, தன் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்ய வேண்டுமா? மேல்நாட்டில் இதைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். விடை கிடைத்தபாடில்லை. பாவம், எழுதியவர்களில் ஒருவரும் மைசூர் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. வந்து, குடகுக்குப் போகும் சாலையில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் ஹுன்சூரில் இறங்கி விடையைக் கையோடு வாங்கிப் போயிருக்கலாம்.

2019 ஜூலையில் கர்நாடகத்தின் 17 எம்.எல்.ஏ.க்கள் அந்த விடையைச் செய்தே காட்டினார்கள். இன்றுவரை அவர்களுக்கு முறையான ஒரு பாராட்டு விழா நடக்கவில்லை. மண்டபம் பிடிக்க எனக்கு வசதி போதாது. அதனால் விழாவை எழுத்திலேயே நடத்திவிடுகிறேன். பொன்னாடைச் செலவு மிச்சம்.

வழக்கப்படி முதலில் முன்னோர்களை நினைவுகூர வேண்டும். இந்தத் துறையில் முன்னோர் என்றால் எட்மண்ட் பர்க். 1774 நவம்பர் 3ஆம் தேதி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் அவரைத் தேர்ந்தெடுத்த கையோடு, அங்கேயே நின்று வாக்காளர்களிடம் பேசினார். உங்களுக்காக உழைப்பேன், உங்கள் விருப்பத்துக்கு மிகுந்த மதிப்புத் தருவேன், ஆனால் என் அறிவை உங்களிடம் அடகு வைக்க மாட்டேன் என்பது அந்தப் பேச்சின் சாரம். நாடாளுமன்றம் என்பது ஊர் ஊராக வந்த தூதர்கள் கூடிப் பேரம் பேசும் இடமல்ல, நாடு முழுவதன் நலனையும் யோசிக்கும் சபை என்றார்.

கொள்கை நல்ல கொள்கைதான். அதைப் பயன்படுத்தத்தான் மனிதருக்குச் சாமர்த்தியம் போதவில்லை. தன் நோக்கத்தை ஓட்டுப் போட்டவர்களின் முகத்துக்கு நேரே சொன்னது அவர் செய்த முதல் தவறு. 1778இல் அயர்லாந்தின் வணிகத்தின் மேலிருந்த தடைகளைத் தளர்த்த வேண்டும் என்றார். பிரிஸ்டல் வியாபாரிகளுக்கு அது வயிற்றில் அடி. அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தாரா? ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்று அவர்களுக்கே கடிதம் எழுதி விளக்கினார். கடைசியில், 1780இல் அதே ஊருக்கு மறுபடி ஓட்டுக் கேட்டுப் போனார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். இந்த ஆறு வருஷத்தில் அவருடைய மனசாட்சிக்கு ஒரு நாள்கூட வெளியூர் விடுதி தேவைப்படவில்லை. அவ்வளவு மட்டமான மனசாட்சி. இருந்த இடத்திலேயே வேலை செய்தது.

அடுத்து நம்மவர் ஒருவர். செங்கல்பட்டுச் சீமையில் பிறந்து மைசூர் சமஸ்தானத்தின் திவானாக உயர்ந்த சி.வி. ரங்காசார்லு. மைசூர் டவுன்ஹாலுக்கே அவர் பெயர்தான். 1881இல் ஆங்கிலேயர் ஆட்சியை மறுபடி உடையார்களிடம் ஒப்படைத்தபோது, பத்தாம் சாமராஜ உடையாரின் காலத்தில், பிரஜா பிரதிநிதி சபை என்று ஒன்றை அமைத்தார். இந்திய சமஸ்தானங்களில் அப்படி ஒரு சபை அதற்கு முன் கிடையாது. 1881 அக்டோபர் 7ஆம் தேதி, தசராவை ஒட்டி, 144 பிரதிநிதிகள் மைசூரில் கூடினார்கள். பெரும்பாலும் நிலம் உள்ளவர்கள், வியாபாரிகள். திவான் வரவு செலவு அறிக்கையை வாசித்தார். பிரதிநிதிகள் எங்கள் தாலுக்காவில் ரோடு சரியில்லை, வரி தாங்கவில்லை என்று ஊர்க்குறைகளைச் சொன்னார்கள்.

அந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. அரசைக் கவிழ்க்கும் அதிகாரமும் இல்லை. ஊர்க்குறையை எடுத்துச் சொல்வது மட்டும்தான் வேலை. அதனால்தானோ என்னவோ, அந்த 144 பேரையும் யாரும் எங்கும் அழைத்துப்போய்ப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. வந்தார்கள், பேசினார்கள், தசரா ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அதிகாரம் இல்லாதவனுக்கு மனசாட்சி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்.

இந்தக் குறைபாடுகளையெல்லாம் களைந்தது நம் காலம்.

2018 மே மாதத் தேர்தலில் கர்நாடகத்தில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தனிப்பெருங்கட்சியாக பா.ஜ.க. 104 இடங்களோடு நின்றது. தேர்தல் முழுக்க ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருந்த காங்கிரசும் ஜனதா தளமும் முடிவு வந்த அன்றே கட்டிப்பிடித்துக்கொண்டன. குமாரசாமி முதல்வரானார். ஹுன்சூரில் ஜனதா தளத்தின் சார்பில் ஜெயித்தவர் அடகூர் எச். விஸ்வநாத்.

நம் விழாவின் நாயகர் அவர்தான், ஆகவே அறிமுகம் முறையாக இருக்கட்டும். வழக்கறிஞர். கிருஷ்ணராஜ நகர்க்காரர். பல பத்தாண்டுகள் காங்கிரசில் இருந்தவர், எஸ்.எம். கிருஷ்ணா ஆட்சியில் அமைச்சர், 2009இலிருந்து 2014வரை மைசூரின் எம்.பி. எழுத்தாளரும்கூட. ‘ஹள்ளி ஹக்கிய ஹாடு’ என்ற தன் வரலாறு அவர் எழுதியது. அந்தப் புத்தகத்தால் மைசூர் வட்டாரத்தில் ‘ஹள்ளி ஹக்கி’ என்றாலே அவர்தான். 2017இல் காங்கிரசை விட்டு ஜனதா தளத்துக்கு வந்தார். 2018இல் ஹுன்சூரில் நின்று, காங்கிரசின் எச்.பி. மஞ்சுநாத்தை 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பிறகு கட்சியின் மாநிலத் தலைவரும் ஆனார்.

இங்கே ஹுன்சூர் வாக்காளருக்குக் கிடைத்த பாக்கியத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். காங்கிரஸ் வேண்டாம் என்று ஜனதா தளத்துக்குக் குத்தினார். ஜெயித்த ஜனதா தளம் அன்றே காங்கிரசோடு கூட்டுச் சேர்ந்தது. அடுத்த வருஷம் அவருடைய எம்.எல்.ஏ. பா.ஜ.க. பக்கம் போனார். ஒரே ஒரு ஓட்டு. ஒன்றரை வருஷத்துக்குள் மாநிலத்தின் மூன்று பெரிய கட்சிகளையும் அது ஆதரித்துவிட்டது. வேறு எந்த நாட்டு ஜனநாயகத்தில் இவ்வளவு கட்டுப்படியாகும்?

2019 ஜூலை 6, சனிக்கிழமை. விஸ்வநாத்தும் மற்றவர்களுமாகக் கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் கூட்டமாகச் சபாநாயகர் ரமேஷ்குமாரின் அலுவலகத்துக்குப் போனார்கள். அவர் அங்கே இல்லை. ராஜினாமாக் கடிதங்களை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆளுநர் வஜுபாய் வாலாவிடம் போனார்கள். மக்களின் எதிர்பார்ப்பைக் கூட்டணி அரசு நிறைவேற்றவில்லை என்று விஸ்வநாத் காரணம் சொன்னார். கவனியுங்கள், பர்க்கை ஆறு வருஷம் அலைக்கழித்த பிரச்சினை ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. முடிவு எம்.எல்.ஏ.வுடையது, எதிர்பார்ப்பு மக்களுடையது. இரண்டும் அச்சாகப் பொருந்திவிட்டன. பொருந்துகிறதா என்று மக்களைக் கேட்டுத் தொந்தரவு செய்யவும் இல்லை.

மக்களின் எதிர்பார்ப்பு நிறைவேறாத வருத்தத்தோடு ஒருவர் எங்கே போவார்? அந்த மக்களிடம்தானே என்பீர்கள். அது சாதாரண மனிதர்களின் வழி. இவர்கள் அன்று மாலையே தனி விமானத்தில் மும்பை போனார்கள். முதலில் பாந்திரா–குர்லா வளாகத்தில் ஒரு நட்சத்திர விடுதி, பிறகு பவாய் ஏரிப் பக்கம் இன்னொன்று. மனசாட்சி என்பது மிக மெல்லிய குரலில் பேசும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஹுன்சூரில் அது எப்படிக் கேட்கும்? புகையிலை விலை ஏறவில்லை என்று ஒருவர் வருவார், மயானத்துக்குப் பாதை கேட்டு ஒருவர் வருவார், பையனுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு இன்னொருவர் வாசலில் நிற்பார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வாசலில் போலீஸ் நிற்க, ஏ.சி. அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் அந்தக் குரல் கணீரென்று கேட்கிறது.

ஜூலை 10ஆம் தேதி அந்த விடுதி வாசலுக்கு டி.கே. சிவகுமார் வந்து சேர்ந்தார். அப்போது அவர் கர்நாடகத்தின் அமைச்சர். உள்ளே இருப்பவர்கள் என் நண்பர்கள், நானும் இங்கே அறை போட்டிருக்கிறேன் என்றார். விடுதி அவருடைய பதிவை ரத்து செய்தது. உள்ளே இருந்த நண்பர்கள் அவரால் தங்களுக்கு ஆபத்து என்று போலீசுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மும்பை மழையில் மணிக்கணக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்த அவரைப் போலீஸ் வேனில் ஏற்றி அப்புறப்படுத்தியது. சொந்தப் புத்தியைக் காப்பாற்ற எத்தனை ஏற்பாடு பாருங்கள். ஓர் அமைச்சர் வந்து பேசிவிட்டுப் போனாலே கலைந்துவிடக்கூடிய அளவுக்கு அந்த உறுதி திடமாக இருந்தது.

மறுநாள் இன்னும் அழகு. மாலை 6 மணிக்குள் சபாநாயகரை நேரில் பாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபடி தனி விமானம், பெங்களூர், போலீஸ் பாதுகாப்போடு விதான சவுதா. நேரம் போய்க்கொண்டிருந்தது. எம்.எல்.ஏ.க்கள் தாழ்வாரத்தில் வேகமாக நடந்தார்கள். அவர்களில் ஒருவர் சபாநாயகரின் அறையை நோக்கித் தலைதெறிக்க ஓடியதைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. தொகுதியில் ஒரு வேலைக்காக எம்.எல்.ஏ. ஓடி வந்து பார்த்ததில்லை என்று குறைப்படுகிறவர்கள் அந்தக் காட்சியை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். ஓடத் தெரியாதவர்கள் அல்ல. காரணம் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு அன்றிரவே மும்பை திரும்பினார்கள்.

இத்தனை சிரமம் ஏன்? கூட்டணி பிடிக்கவில்லை என்றால் அவையிலேயே எழுந்து பேசி, எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கலாமே என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கலாம். அங்கேதான் நம் சட்டத்தையும் சேர்த்துப் பாராட்ட வேண்டியிருக்கிறது.

1985இல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறியதிலிருந்து நாடு பட்ட பாட்டுக்கு மருந்து. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். பட்ஜெட்டுக்கும் இதே விதி, பால்விலை மசோதாவுக்கும் இதே விதி. பர்க் வந்து பார்த்தால் கண் கலங்கியிருப்பார். வாக்காளர் சொல்வதைக் கேட்பதா, தன் புத்தி சொல்வதைக் கேட்பதா என்று அவர் அல்லாடினார். இரண்டும் வேண்டாம், கொறடா சொல்வதைக் கேள் என்று நாம் வழக்கையே முடித்து வைத்துவிட்டோம். ஹுன்சூரில் புகையிலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மசோதா வேண்டாம் என்றாலும், எம்.எல்.ஏ.வுக்கே அது தப்பென்று தெரிந்தாலும், கொறடா கை தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். வருஷம் முன்னூற்றறுபத்தைந்து நாளும் இப்படி.

அதற்காகச் சட்டம் மனசாட்சியை அடியோடு மறந்துவிடவில்லை. முன்பு ஒரு கட்சியின் எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவி தப்பும் என்றிருந்தது. 2003இல் அதை எடுத்துவிட்டு, இன்னொரு கட்சியோடு இணைவதற்கு மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும் என்பதை மட்டும் விட்டு வைத்தார்கள். அதாவது, தனி ஒருவருக்கு நள்ளிரவில் மனசாட்சி விழித்தால் சட்டம் நம்பாது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஒரே இரவில் ஒன்றாக விழித்தால் எழுந்து நின்று மரியாதை செய்யும். 2019 ஜூலையில் அத்தனை பேருக்கு விழிக்கவில்லை. ஆகவே ராஜினாமா என்ற சந்து வழியே போக வேண்டியதாயிற்று. எம்.எல்.ஏ.வாக இருக்கும்வரை சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது, காட்ட வேண்டுமானால் எம்.எல்.ஏ.வாக இருக்கக் கூடாது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் எழுத எல்லா நாட்டாராலும் முடியாது.

தமிழ் வாசகர்கள் இதில் கர்நாடகத்துக்கு மட்டும் பெருமை சேர்வதை ஒப்ப மாட்டார்கள் என்று தெரியும். நியாயம்தான். 2017 பிப்ரவரியில் கூவத்தூர் கடற்கரை விடுதியில் தமிழக ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் செய்த தவத்தை மறக்க முடியுமா? எம்.எல்.ஏ.க்களின் தொலைபேசி எண்கள் வாட்ஸ்அப்பில் பரவ, ஓட்டுப் போட்டவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தங்கள் விருப்பத்தைச் சொன்னார்கள். மக்கள் விருப்பம் அதற்குமுன் அவ்வளவு சுலபமாகப் பிரதிநிதியை எட்டியதில்லை. பிரதிநிதிகளும் அதற்குத் தக்க பதில் தந்தார்கள். போனை அணைத்து வைத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அதே கட்சியின் தினகரன் அணி எம்.எல்.ஏ.க்கள் புதுச்சேரியில் இருந்துவிட்டுக் குடகு மலை விடுதிக்குப் போனார்கள். 18 பேருடைய பதவியை அந்த மாதம் 18ஆம் தேதி சபாநாயகர் தனபால் பறித்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் குஜராத்தின் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் பெங்களூர்–மைசூர் சாலையில் பிடதி பக்கம் ஒரு விடுதியில் விருந்தாளிகளாக இருந்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடதியிலிருந்து மைசூர், மைசூரிலிருந்து ஹுன்சூர், ஹுன்சூரைத் தாண்டினால் குடகு. சுற்றுலாத் துறை இந்தச் சாலையில் அரண்மனையையும் யானையையும் மட்டுமே விளம்பரப்படுத்துவது நியாயமில்லை.

மீண்டும் 2019. நம்பிக்கைத் தீர்மானம் வரும் நேரத்தில் காகவாட எம்.எல்.ஏ. ஸ்ரீமந்த் பாட்டீல் பெங்களூர் அருகே காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் தங்கியிருந்த விடுதியிலிருந்து காணாமல் போனார். பிறகு மும்பையில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் காணப்பட்டார். சொந்த வேலையாகச் சென்னை போயிருந்தபோது நெஞ்சு வலித்தது, டாக்டர் யோசனைப்படி மும்பை வந்து சேர்ந்தேன் என்று விளக்கம் தந்தார். இதய நோய்க்கு வடக்கிலிருந்தெல்லாம் ரயிலேறிச் சென்னைக்கு வருகிறார்கள். நெஞ்சு வலியோடு சென்னையிலிருந்து விமானமேறி மும்பைக்குப் போனவரின் மன உறுதியை யார் குறை சொல்ல முடியும்? அந்த வலி எந்த வகை என்று மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் அவர் அமைச்சரானபோது உடம்பு நன்றாகவே இருந்தது.

ஜூலை 23ஆம் தேதி தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 99, எதிர்ப்பு 105. அரசு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் எடியூரப்பா பதவியேற்றார். சபாநாயகர் 25ஆம் தேதி மூவரையும், 28ஆம் தேதி 14 பேரையும் தகுதிநீக்கம் செய்தார். சட்டசபையின் காலம் முடியும் 2023வரை தேர்தலில் நிற்கவே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் கர்நாடகம் கண்ட வெள்ளம் பெரிய வெள்ளம். கபினி பொங்கி நஞ்சன்கூடு பக்கம் சாலையிலேயே தண்ணீர் நின்றது. ஹுன்சூர் வழியாக ஓடும் லட்சுமணதீர்த்த ஆறும் கரை மீறியது. பெங்களூரில் அமைச்சரவை என்று ஒன்றில்லை. முதல்வர் ஒருவரே எல்லாத் துறையும் பார்த்தார், ஆகஸ்ட் 20ஆம் தேதிவரை. ஹுன்சூருக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் மனு எழுதினால் யார் பெயருக்கு எழுதுவது? மக்களின் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்று வருந்தி ஒருவர் விலகியதன் பலன், எதிர்பார்ப்பைச் சொல்லவே ஆளில்லாமல் நாலு மாதம். குறை சொல்ல ஆளில்லாத தொகுதியில் குறை எப்படி இருக்கும்? ரங்காசார்லுவுக்கு இந்த யோசனை தோன்றவே இல்லை.

அக்டோபரில் விழா சாமுண்டி மலைக்கு ஏறியது. பணம் பேசப்பட்டது என்ற பொருளில் விஸ்வநாத்தைப் பற்றிச் சட்டசபையில் குற்றம் சாட்டியிருந்தார் அவருடைய பழைய கட்சித் தோழர் சா.ரா. மகேஷ். விஸ்வநாத் மறுத்தார். வழக்கு, விசாரணை என்று போனால் காலம் ஆகும். தாயார் சாமுண்டேஸ்வரியின் சந்நிதியில் சத்தியம் பண்ணுவோம் வா என்று முடிவாயிற்று. மைசூர் முழுக்க அதே பேச்சு. மலை மேல் போலீஸ், காமிரா, தொண்டர்கள். இருவரும் வந்தார்கள். நேருக்கு நேர் நின்று சத்தியம் செய்யாமலே இருவரும் இறங்கினார்கள். நீதிமன்றத்தில்கூடச் சாட்சி சொல்ல வந்தவர் கூண்டில் ஏறாமல் திரும்ப முடியாது. அம்மன் அவ்வளவு கட்டாயப்படுத்துவதில்லை. அசுரனையே வதைத்தவளாக இருந்தாலும், நம் பிரதிநிதிகளிடம் பொறுமை காட்டக் கற்றிருக்கிறாள்.

நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராஜினாமாக் கொடுத்ததால் தகுதிநீக்கத்திலிருந்து தப்ப முடியாது, சபாநாயகர் செய்தது செல்லும். ஆனால் 2023வரை நிற்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. ஆக, கட்சி தாவியது தவறு என்று தீர்ப்பு. அந்தத் தவறால் காலியான இடத்துக்கு அவரே மறுபடி நிற்கலாம் என்றும் தீர்ப்பு. மறுநாளே பெரும்பாலோர் பா.ஜ.க.வில் முறைப்படி சேர்ந்தார்கள்.

டிசம்பர் 5ஆம் தேதி 15 தொகுதிகளில் இடைத்தேர்தல். முன்னாள் முதல்வர் தேவராஜ அர்ஸின் ஊர் ஹுன்சூர். அவர் பெயரிலேயே ஹுன்சூரைத் தலைநகராக்கித் தனி மாவட்டம் வேண்டும் என்று விஸ்வநாத் முன்பே பேசிவந்தார். ஓட்டுக் கேட்க வந்தவரால் அதைவிடப் பெரிய பரிசு என்ன கொடுத்துவிட முடியும்? மற்ற தொகுதிகளின் வாக்காளர்கள் பண்பட்டவர்கள். ஒரு கட்சிச் சின்னத்தில் ஜெயித்துவிட்டு வேறு கட்சிச் சின்னத்தோடு வந்தவர்களில் 11 பேரை மாலை போட்டு உள்ளே அனுப்பினார்கள். சின்னம் மாறினால் என்ன, ஆள் நம்ம ஆள், அமைச்சர் ஆகப்போகிறவர் என்று கணக்குப் போடும் அளவுக்கு அவர்களுக்கு அரசியல் தெரிந்திருந்தது. நம் எம்.எல்.ஏ.க்களை நாமே இப்படி வளர்த்தோம் என்ற பெருமையில் பாதியை அவர்களுக்குத் தரத்தான் வேண்டும்.

ஹுன்சூர்க்காரர்கள் மட்டும் கெடுத்துவிட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி எண்ணியபோது காங்கிரசின் மஞ்சுநாத் 39 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் முன்னே நின்றார். பதினெட்டு மாதத்துக்கு முன் தோற்கடித்து அனுப்பிய அதே மஞ்சுநாத். ஹொசகோட்டையும் இப்படித்தான் செய்தது. ஆயிரம் கோடிக்கு மேல் சொத்துக் கணக்குக் காட்டிய எம்.டி.பி. நாகராஜை அங்கே ஒரு சுயேச்சை தோற்கடித்தார்.

நல்லவேளை, மக்கள் செய்யும் பிழைகளைத் திருத்த மேலவை இருக்கிறது. பர்க்குக்கும் இப்படி ஓர் ஏற்பாடு நடந்தது. பிரிஸ்டல் கைவிட்டதும் ராக்கிங்ஹாம் பிரபு தன் பிடியிலிருந்த மால்டன் என்ற சின்னத் தொகுதியை அவருக்குக் கொடுத்தார். கர்நாடகத்தில் பிரபுக்கள் இல்லை, கட்சிகள் இருக்கின்றன. 2020இல் நாகராஜும், அந்த 17 பேரில் இடைத்தேர்தலில் நிற்காத ஆர். சங்கரும் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களில் மேலவைக்குத் தேர்வானார்கள். விஸ்வநாத்துக்கு அதைவிடக் கௌரவமான வழி. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகிய துறைகளில் தேர்ந்தவர்களை ஆளுநர் மேலவைக்கு நியமிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஜூலையில் விஸ்வநாத் நியமனமானார், இலக்கியவாதியாக. ஒரு வருஷத்துக்கு முன் இதே மாதத்தில்தான் அந்த ராஜினாமாக் கடிதம். எழுத்துக்கு இந்த நாட்டில் மரியாதை இல்லை என்று புலம்பும் எழுத்தாளர்கள் இனி வாயைத் திறக்கக் கூடாது.

அமைச்சர் பதவி மட்டும் பாக்கி. 2020 நவம்பர் 30ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் குறுக்கே வந்தது. தகுதிநீக்கம் ஆனவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்படும்வரை அமைச்சராகக் கூடாது. நாகராஜும் சங்கரும் எம்.எல்.ஏ.க்களாலாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அவர்களுக்குத் தடையில்லை. விஸ்வநாத் நியமிக்கப்பட்டவர், ஆகவே தடை நீடிக்கும். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பியவர்களில் 10 பேர் 2020 பிப்ரவரியிலேயே அமைச்சர்களாகிவிட்டிருந்தார்கள். 17 பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. பர்க் சொன்னபடி ஒவ்வொருவரும் தன் புத்தியைத்தான் கேட்டார்கள். வழியில் ஓட்டுப்பெட்டி ஒன்று இருந்ததால் பலன் மட்டும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. சில மாதங்களில் விஸ்வநாத், தன்னை மேலவைக்கு அனுப்பிய கட்சியின் முதல்வரையும் அவர் மகனையும் வெளிப்படையாகக் கண்டிக்க ஆரம்பித்தார். சொந்தப் புத்தி ஓய்வெடுப்பதில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

விழா முடிவில் நன்றியுரை உண்டு, கண்டன உரை வழக்கமில்லை. ஆனாலும் ஹுன்சூர் வாக்காளர்களைக் கண்டிக்காமல் மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. பிரதிநிதி தன் புத்திப்படி நடக்கலாம் என்று சொன்ன பர்க்கை அவர்கள் படித்ததில்லை. படிக்காமலே, தங்கள் புத்திப்படி நடந்துவிட்டார்கள். தனி மாவட்டத்துக்கு மயங்கவில்லை, அமைச்சர் பதவிக்கு ஆசைப்படவில்லை. யாரும் அவர்களை விடுதியில் வைக்கவுமில்லை. வீட்டில் சோறு தின்றுவிட்டு வரிசையில் நின்று முடிவெடுத்திருக்கிறார்கள். இந்தக் கெட்ட பழக்கம் அந்த 11 தொகுதிகளுக்கும் தொற்றியிருந்தால் என்னவாகியிருக்கும்? இனி ஒரு எம்.எல்.ஏ.வுக்கு மனசாட்சி விழித்தால், விமானத்துக்குச் சொல்லி அனுப்பும் முன் ஊருக்கு பஸ் ஏறி வந்து, ‘இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்க வேண்டி வரும். ஓட்டுக் கேட்டு வந்தவரை அதற்குமேல் இன்னொரு தடவை வரச் சொல்வது என்ன நாகரிகம்?